நாள்வழியும் பேரேடும்: மலையகத் தோட்டப் பதிவேடுகளின் வரலாறு – ஒரு நோக்கு

தமிழ் வணிகரின் கணக்கு மரபிலே மூன்று நிலைகள் உண்டு. அன்றன்று நிகழும் கொடுக்கல் வாங்கல்களை நிகழ்ந்த வரிசையிலேயே எழுதிச் செல்வது நாள்வழி. அந்நாள்வழியிலிருந்து ஆள்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரித்தெடுத்து எழுதப்படுவது பேரேடு. பேரேட்டின் முடிவுகளைத் திரட்டி ஒரு காலப்பகுதியின் நிலையைக் காட்டுவது ஐந்தொகை. நாள்வழியை எழுதுபவர் பேரேட்டுக்காகக் காத்திருப்பதில்லை. பேரேட்டை எழுதுபவரும் ஒவ்வொரு வரவையும் அக்கணமே பெயர்த்தெழுதுவதில்லை; ஓய்வு கிட்டிய வேளையில், முன்னர் விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பதிவார். ஆதலால் பேரேடு எப்பொழுதும் நாள்வழிக்குச் சற்றுப் பிந்தியே நிற்கும். இது குறையன்று, அம்முறையின் இயல்பாகும். 1494இல் வெனிஸ் நகரில் வெளிவந்த லூக்கா பாச்சியோலியின் கணித நூலும் நினைவேடு, நாளேடு, பேரேடு என மூன்று ஏடுகளையே வணிகனுக்கு விதித்தது.

இவ்வியல்பைக் கணனி அறிவியலும் தன் வழியிலே கண்டுகொண்டது. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் உருவான தரவுத்தள முறைமையில், ஒரு மாற்றத்தைத் தொடர்பதிவில் எழுதி வைப்பது, இடையிலே இயந்திரம் நின்றுபோனாலும் அட்டவணையை மீட்டெடுப்பதற்கான வழியாகக் கொள்ளப்பட்டது. பின்னாளில் லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட காஃப்கா என்னும் மென்பொருள், இத்தொடர்பதிவையே நடுநாயகமாக்கியது. இடையறாது வந்து சேரும் நிகழ்வுகள் தத்தம் பிரிவில் வந்த வரிசையிலே பதியப்படும். அவ்வரிசையைப் படித்து, வேண்டுவோர் வேண்டிய அட்டவணைகளைத் தத்தம் வேகத்திலே ஆக்கிக்கொள்வர். இவ்வாறு ஆக்கப்படும் அட்டவணைகளைக் கணனியாளர் 'காட்சிகள்' என்பர்.

இம்முறையின் உயிர்நாடியாக மூன்று விதிகளைக் கூறலாம். முதலாவது, நாள்வழியில் எழுதியதை அழித்தலாகாது. பிழை நேரின் திருத்தத்தையும் புதிய பதிவாகவே எழுதல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு காட்சியும் தான் நாள்வழியை எதுவரை படித்துள்ளது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, காட்சிக்கும் நாள்வழிக்கும் முரண் நேரின் நாள்வழியே நிலைக்கும். காட்சி பழுதுபடின் அதனை எறிந்துவிட்டு, நாள்வழியை முதலிலிருந்து படித்து மீள ஆக்கிக்கொள்ளலாம். இம்மூன்றாவது விதியிலிருந்து வேறோர் உண்மையும் பெறப்படும். பேரேட்டில் ஒருவர் பெயர் இல்லையாயின், அவர் கடைக்கு வரவில்லை என்பது அதன் பொருளன்று. அவர் வந்த செய்தி இன்னும் பதியப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

இலங்கை மலையகத்தின் வரலாறு இவ்விதிகளைக் கொண்டு நோக்கத்தக்க ஒன்றாகும். அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்களைப் போல நாள்தோறும் எழுதப்பட்ட மக்கள் இந்நாட்டில் மிகச் சிலரே. அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை எழுதப்பட்டது. அவர்கள் வாங்கிய அரிசியின் அளவு எழுதப்பட்டது. அவர்கள் பட்ட கடனும் எழுதப்பட்டது. அவ்வாறிருந்தும் 1948இன் பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் இந்நாட்டவர் எனக் காட்டப் போதிய எழுத்தில்லை என்று தள்ளப்பட்டனர். இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைகளும் பெயர்களும்

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். குடியேற்ற அரசு வந்தோரையும் திரும்பியோரையும் எண்ணியது, ஆயின் எண்ணப்பட்டவை தலைகளே, பெயர்கள் அல்ல. வந்தோர் தொகையிலிருந்து திரும்பியோர் தொகையையும் தோட்டங்களில் எஞ்சியோர் தொகையையும் கழித்து, இறந்தோர் எத்துணையர் என அக்காலத்துப் பத்திரிகைகள் மதிப்பிட முயன்றன. அம்மதிப்பீடுகள் வரலாற்றாசிரியரிடையே இன்றும் தீராத சர்ச்சைக்குரியனவாகவே உள்ளன. காரணம் வெளிப்படை. கூட்டுத்தொகை மட்டும் எஞ்சி, அக்கூட்டுத்தொகையை ஆக்கிய தனிப்பதிவுகள் இல்லாதவிடத்து, பிழையைக் கண்டு திருத்துவதற்கு வழியில்லை. ஐந்தொகை மட்டும் கையிலிருக்க நாள்வழி ஒருபோதும் எழுதப்படாத கடையின் நிலையே அது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், தேயிலையே மலைநாட்டின் பயிராயிற்று. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் மிகுதியாகத் தேவைப்பட்டது. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டியிருந்தது. பருவத்துக்கு வந்து போனவர்கள் லயங்களில் நிலையாகக் குடியமர்ந்தனர். வந்து போவோரை எண்ணுவது போதுமாயிருந்த நிலை மாறி, நாள்தோறும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதவேண்டிய நிலை தோன்றியது.

கங்காணியின் கணக்கு

தொழிலாளரைப் பற்றிய முதல் நாள்வழி தோட்டத் துரையின் கையில் இருக்கவில்லை. கங்காணியின் கையிலேயே இருந்தது. ஊரிலே முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவர் அவர். வழிச்செலவும் உணவும் துணியும் அவர் கணக்கிலேயே பற்றெழுதப்பட்டன. தொழிலாளியின் சம்பளமும் பெரும்பாலும் அவர் கை வழியாகவே சென்றது. தன் பெயரில் எழுதப்பட்டது யாது என்பதைப் பார்க்கவோ படிக்கவோ தொழிலாளிக்கு வாய்ப்பிருக்கவில்லை.

இக்கணக்கிலிருந்து பிறந்ததே 'துண்டு' என்னும் சீட்டு. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இக்கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என ஒரு தோட்டத்தின் துரை எழுதிக் கொடுப்பது துண்டு எனப்பட்டது. மற்றொரு தோட்டத்தின் துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், துண்டிலே ஒரு கூட்டுத்தொகை மட்டுமே இருந்தது என்பதாகும். அது எவ்வெப் பற்றுகளால் ஆயது, எவ்வெச் சம்பளங்கள் அதிற் கழிக்கப்பட்டன என்னும் விவரம் துண்டோடு பயணம் செய்யவில்லை. தோட்டம் மாறுந்தோறும் பழைய தொகையின்மேற் புதிய முற்பணம் ஏறியது. நாள்வழியிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு காட்சி, தன்னளவிலேயே உண்மையாகிவிட்டது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கங்காணியிடம் தொழிலாளி பட்டிருந்த கடன்களும் அறவிட இயலாதனவாக்கப்பட்டன. எவராலும் சரிபார்க்க இயலாத பேரேட்டைக் கிழித்தெறிவதைத் தவிர வேறு வழியில்லை என அரசே ஏற்றுக்கொண்டதை இது காட்டுகின்றது எனலாம்.

இதற்கு முன்னரே சட்டம் மற்றொரு வகையில் ஏட்டைத் தொழிலாளியோடு பிணைத்திருந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், தோட்டப் பதிவேட்டிலே பெயர் தாங்கியவரையே இந்தியத் தொழிலாளி என வரையறுத்தது. சட்டத்தின் கண்ணிலே ஒருவர் தொழிலாளியாவது உழைப்பதனால் மட்டுமன்று, ஏட்டிலே எழுதப்படுவதனாலுமாகும். இவ்வரையறையைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டிவரும்.

பிரட்டுக்களமும் செக்ரோலும்

தோட்டத்தின் நாள் பிரட்டுக்களத்தில் விடிகின்றது. கூடி நிற்போரை மலைவாரியாகப் பிரித்து அனுப்பும் கணக்கப்பிள்ளை, ஒவ்வொருவர் பெயரையும் தம் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு செக்ரோலிற் குறித்துக்கொள்கின்றார். பின்னர் கொழுந்து நிறுக்கும்போது, வழக்கமாக நாளொன்றுக்கு மும்முறை, ஒவ்வொரு கூடையின் நிறையும் எழுதப்படுகின்றது. கூடையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கழிவு போக எஞ்சியதே கணக்கில் ஏறும். மாலையில் அச்சிறு ஏட்டின் பதிவுகள் அலுவலகத்துப் பெரிய செக்ரோலிற் பெயர்த்தெழுதப்படுகின்றன. அங்கே ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம்.

மலையக வழக்கிலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். குறித்த நிறையைப் பறித்தவருக்கு முழுப்பேர். பறிக்கத் தவறியவருக்கு அரைப்பேர். மாதத்தில் எத்தனை பேர் என்று கேட்பது எத்தனை நாள் வேலை செய்தாய் என்று கேட்பதாகும். ஒருவரின் பெயரே அவர் உழைத்த நாளின் அலகாகிவிட்ட இவ்வழக்கு, ஏட்டுக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவை எந்த விளக்கத்தினும் தெளிவாகக் காட்டுகின்றது.

இந்நாள்வழி ஒன்றிலிருந்தே பல காட்சிகள் எழுந்தன. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெண் காலையில் 7 கிலோவும் நண்பகலில் 6 கிலோவும் மாலையில் 5 கிலோவும் பறித்தாள் எனின், அம்மூன்று பதிவுகளும் தொழிற்சாலைக்கு ஒரு பொருளையும், சம்பளக் கணக்குக்கு மற்றொரு பொருளையும், மலைக் கணக்குக்கு வேறொரு பொருளையும் தரும். தொழிற்சாலை அன்றிரவே 18 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டத் தொடங்கும்; அதிலிருந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலை கிடைக்கும். மலைக் கணக்கு, அந்த மலையில் அடுத்த சுற்று எப்போது எடுக்கவேண்டும் என்பதை ஒரு வாரம் பத்து நாளில் முடிவு செய்யும். சம்பளக் கணக்கு மாத முடிவிலேயே மூடப்படும். அட்வான்ஸ், அரிசி, பிற கழிவுகள் யாவும் அப்போதே கூட்டிக் கழிக்கப்படும். இலண்டனிலிருந்த கம்பெனிப் பங்காளரின் ஆண்டறிக்கையிலோ இவையனைத்தும் பல மாதங்கள் கழித்து ஒரே எண்ணாக ஒடுங்கும். நிகழ்ச்சி ஒன்று, காட்சிகள் பல, ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தின்படியே நடக்கும்.

இப்பிந்துதல் தொழிற்சாலைக்கும் பங்காளருக்கும் இடையூறு செய்யவில்லை. தொழிலாளிக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று. உழைத்த நாளுக்கும் கூலி கைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் கழிந்த காலமும் உண்டு. முற்கூறிய 1889ஆம் ஆண்டுச் சட்டம், மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் சம்பளம் வழங்கப்படவேண்டும் என விதிக்க நேர்ந்ததே அதற்குச் சான்றாகும். பேரேடு பிந்தலாம், ஆனால் எவ்வளவு பிந்தலாம் என்பதற்கு எல்லை வேண்டும் என்னும் கொள்கை அங்கே முதன்முதலாகச் சட்டமாகியது எனலாம். எல்லை வகுக்கப்படாத தாமதம் மறுப்பாக மாறிவிடும் என்பதனைப் பின்னைய வரலாறு உணர்த்தும்.

அடையாள எண்ணைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியமாகின்றது. பல ஏடுகளில் வரும் ஒருவரை ஒருவரே என அறிவதற்கு மாறாத ஓர் எண் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த தகரச் சீட்டு அத்தகையதே. தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறித்த அச்சிறு தகடு, வழியிலே அவர் எத்தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டியது. ஆயினும் அது மனிதரின் எண்ணன்று; தோட்டத்தின் சொத்துக்குரிய எண். தோட்டம் மாறினால் எண்ணும் மாறும். பெயரையோ ஆங்கிலத்தில் எழுதும் அலுவலர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். ஒரே பெண் செக்ரோலில் ஒரு விதமாகவும், பிறப்புப் பதிவில் வேறு விதமாகவும், விவாகப் பதிவில் மூன்றாம் விதமாகவும் எழுதப்படுவது அரிதன்று. மூன்று ஏடுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார் இல்லாதவரை இது எவருக்கும் உறுத்தவில்லை.

சான்று கேட்ட அரசு

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தாவும் தெரிவாகினர். அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அத்திகதிக்கு முன்னர் இலங்கையிற் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவர் தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும்.

ஒருவர் இந்நாட்டிலே பிறந்து, வளர்ந்து, உழைத்தார் என்பது மட்டும் போதாதாயிற்று. அவர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த ஒரு பிறப்பின் பதிவு தேவைப்பட்டது. டிக்கோயாவில் 1915இற் பிறந்த ஒருவர், தம் தந்தை 1890 அளவில் ஏதோவொரு தோட்டத்து லயத்திலே பிறந்ததைக் காட்டவேண்டும். தோட்டத்துப் பிறப்பை அறிவிக்கும் பொறுப்போ பெற்றோரினும் தோட்ட நிருவாகத்தையே சார்ந்திருந்தது. ஆக, பதிவு செய்யும் அதிகாரம் ஒருவரிடமும், பதிவின்மையின் தண்டனை மற்றொருவரிடமும் அமைந்துவிட்டன.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் பதிவின் மூலம் பிரசையாவதற்கு வழிவகுத்தது. 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். விண்ணப்பத்துக்குரிய கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. காலக்கெடு நெருங்கியபின்னரே விண்ணப்பங்கள் பெருவாரியாகக் குவிந்தன. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் ஏறக்குறைய 825,000 பேர் சார்பாக அனுப்பப்பட்டன. பத்தாண்டுக்கு மேற்பட்ட பரிசீலனையின் முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

இடையறாத வதிவு என்பதனை மெய்ப்பிக்க உதவக்கூடிய நாள்வழி இல்லாமலில்லை. நாளுக்கொரு கட்டமாக ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட செக்ரோல் அதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருந்தது. ஆயின் அது தோட்டத்தின் உடைமை. தோட்ட அலுவலகத்தின் கடிதமின்றித் தொழிலாளி அதனை எடுத்துக் காட்ட இயலாது. தோட்டம் மாறியவருக்கு இரண்டு மூன்று அலுவலகங்களின் தயவு வேண்டியிருந்தது. பெயரின் எழுத்து வேறுபட்டால், இருவேறு ஏடுகளில் உள்ளவர் ஒருவரே என நிறுவவேண்டும். ஊருக்குப் போய்வந்த இடைவெளி செக்ரோலில் வெறுங்கட்டங்களாக நின்றது. நோயுற்றுப் படுத்த மாதமும் பிள்ளைப்பேற்று மாதமும் அவ்வாறே வெறுங்கட்டங்களாகவே நின்றன. வேலைக்கு வரவில்லை என்பதை எழுதும் ஏடு, நாட்டில் இல்லை என்பதை எழுதும் ஏடாக வாசிக்கப்படும் ஆபத்து அதனுள்ளேயே இருந்தது.

முன்னர் கூறிய 1889ஆம் ஆண்டு வரையறையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். உழைப்பைக் கொள்ளும்போது, பதிவேட்டிலே பெயர் தாங்கியவர் என்று சட்டம் அம்மக்களை அறிந்துகொண்டது. உரிமையைக் கொடுக்கும்போது, எழுத்துச் சான்று போதாதவர் என்று அதே மக்களை அறியாதிருந்தது.

காட்சியின்மேற் காட்சி

தேருநர் இடாப்பும் ஒரு காட்சியே. எனினும் அது நாள்வழியிலிருந்து நேரே ஆக்கப்படுவதன்று. மற்றொரு காட்சியைப் பார்த்து ஆக்கப்படும் காட்சியாகும். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமைக்குப் பிரசாவுரிமையை அடிப்படையாக்கியது. எனவே பிரசைகள் பட்டியலில் இன்னும் இடம்பெறாதவர் தேருநர் இடாப்பிலிருந்தும் நீங்கினர். கணனியாளர் நன்கு அறிந்த உண்மையொன்று இங்கே பொருந்தும். கீழுள்ள காட்சி பிந்தினால் மேலுள்ள காட்சியும் பிந்தும். கீழுள்ளதிற் பிழை இருப்பின் மேலுள்ளதில் அப்பிழை பிழையென்றே தோன்றாது.

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் நடந்தபொழுது பல்லாயிரக்கணக்கான விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருந்தன. அவை மறுக்கப்படவில்லை, ஏற்கப்படவுமில்லை, படிக்கப்படாமலே இருந்தன. ஆயினும் வாக்குச் சாவடியைப் பொறுத்தமட்டில், படிக்கப்படாத விண்ணப்பமும் மறுக்கப்பட்ட விண்ணப்பமும் ஒன்றே. அத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. மலையகத் தொழிலாளரின் பிரதிநிதியொருவர் பொதுத் தேர்தலொன்றில் மீண்டும் வெல்வதற்கு, நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் தெரிவான 1977ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

றுவான்வெல்லைத் தொகுதியின் இடாப்பில் பெயர் சேர்ப்பது தொடர்பாக எழுந்த கோடாக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரசைகள் யாவர் என வகுப்பது சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என 1953இல் தீர்ப்பாயிற்று. சட்ட நோக்கில் அத்தீர்ப்பைப் பற்றிப் பலவாறு வாதிடலாம். ஏட்டு நோக்கில் எழும் கேள்வி வேறு. வணிகரின் பேரேட்டில் தம் வரவைக் காணாத வாடிக்கையாளர் கேள்வி எழுப்பினால், நேர்மையான கணக்கர் நாள்வழியைப் புரட்டிப் பார்ப்பார். மலையகத் தொழிலாளி கேட்டபோது, பேரேட்டையே மீண்டும் காட்டி, அதிலே பெயரில்லை எனக் கூறப்பட்டது.

உறைந்த தொகை

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, நாடற்றோர் 975,000 பேர் எனக் கொண்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து 1974இல் அவ்வெச்சத்தை இரு நாடுகளும் 75,000 பேர் வீதம் பகிர்ந்துகொண்டன.

ஓடும் ஆற்றை ஒரு நாளிலே உறையச் செய்து அளந்தது போன்றதே இக்கணக்கு. மக்கள் பிறந்தனர், மணந்தனர், இறந்தனர். உடன்படிக்கையை எழுதியோர் இதனை அறியாதவரல்லர். அதனாலேயே ஒவ்வொரு தொகையோடும் அதன் 'இயற்கை அதிகரிப்பும்' சேரும் என எழுதினர். எனினும் இயற்கை அதிகரிப்பு என்பது ஒரு சொற்றொடர். லயத்திலோ அது ஒரு குழந்தை. அக்குழந்தை எப்பட்டியலுக்குரியது என்பது பெற்றோர் எப்பட்டியலில் உள்ளனர் என்பதைப் பொறுத்தது. பெற்றோரோ இன்னும் எப்பட்டியலிலும் ஏறாதோராக இருக்கலாம். ஒரே வீட்டில் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டோடும், ஒருவர் இலங்கைப் பிரசையாகவும், ஒருவர் எந்நாட்டவருமல்லாதவராகவும் இருந்த குடும்பங்கள் தோன்றியது இதனாலேயாம்.

குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 1971இல் ஏறத்தாழ 11,75,000 பேர். 1981இல் ஏறத்தாழ 8,19,000 பேர். இவ்வீழ்ச்சிக்குக் கப்பலேறியவர் எண்ணிக்கை மட்டும் காரணமன்று; தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோரும் இருந்தனர் என ஆய்வாளர் கூறுவர். மனிதர் அதே லயத்தில் இருக்க, பட்டியலில் மட்டும் இடம்பெயரலாம் என்பதற்கு இது சான்றாகும்.

1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றது. இந்தியப் பிரசைகளாகப் பதியப்பட்டும் புறப்படாதோர் பலர் தோட்டங்களிலேயே தங்கினர். ஒரு பேரேட்டில் அவர்கள் போய்விட்டவர்கள். மற்றொன்றில் நாள்தோறும் பேர் விழுந்துகொண்டிருந்தவர்கள். 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 94,000 பேருக்கும் அவர்களின் இயற்கை அதிகரிப்புக்கும் உரிமை வழங்க முன்வந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் தவிர்ந்த ஏனைய நாடற்றோரைப் பெருமளவில் உள்ளடக்கியது. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகளாவர் என்றது. முந்திய சட்டங்கள் பட்டியலில் இருப்பவரே வாழ்பவர் எனக் கொண்டன. இச்சட்டமோ வாழ்பவரே பட்டியலுக்குரியவர் எனக் கொண்டது. அம்மாற்றத்துக்கு 55 ஆண்டுகள் சென்றன.

ஏட்டின் காவலர்

இவ்வளவும் கூறியபின், நாள்வழி எப்போதும் மெய்யே பேசும் எனக் கொள்ளுதலும் தவறாகும். எதனை நிகழ்வென எழுதுவது என்பதை எழுதுகோல் பிடித்தவரே தீர்மானிக்கின்றார். கழிவு எத்துணை என்பதும், முழுப்பேரா அரைப்பேரா என்பதும் நாள்வழி பிறக்குமுன்னரே நிகழும் தீர்ப்புகள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய பெண்ணின் உழைப்புக்குச் செக்ரோலில் கட்டமில்லை. ஆகவே ஏட்டை அழியாது காத்தல் எத்துணை அவசியமோ, எழுதப்பட்டவர் அதனைப் படித்துச் சரிபார்க்கும் உரிமையும் அத்துணை அவசியமாகும்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிருவாகம் மாறுந்தோறும் ஏடுகளின் காவலரும் மாறினர். இன்று மின்னியல் தராசுகளும் கணனிகளும் தோட்டங்களுக்கு வந்துள்ளன. கொழுந்தின் நிறை கணப்பொழுதில் அலுவலகத்தை எட்டும் வாய்ப்பு உண்டாகியுள்ளது. ஆயினும் வேகம் மட்டும் நீதியைத் தந்துவிடாது. நாள்வழி எவர் வசம் உள்ளது, தன் வரியை எவர் பார்க்கலாம், பட்டியலில் இல்லாதவரை அரசு என்னவாகக் கொள்கின்றது என்னும் பழைய கேள்விகள் மூன்றும் அப்படியே நிற்கின்றன. பிறப்புப் பதிவிலே எழுத்துப் பிழை நேர்ந்தமையால் அடையாள அட்டைக்கு அலைந்தோரின் அனுபவம் மலையகத்தார் அறியாததன்று.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோரின் இருநூற்றாண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நிகழ்ந்தது. அம்முன்னோரின் பெயர்களை இனி எவராலும் மீட்டெடுத்தல் இயலாது. அவர்களுக்கு நாள்வழி எழுதப்படவில்லை. தேயிலைக் காலத்தோருக்கோ எழுதப்பட்டது. தோட்ட அலுவலகங்களின் அலுமாரிகளிலே எஞ்சியுள்ள செக்ரோல்களும் பிறப்பு இறப்புக் குறிப்புகளும் சம்பள ஏடுகளும் கரையானுக்கும் மழைக்கும் இரையாகுமுன் பேணப்படல் வேண்டும். கூட்டுத்தொகைகளிலிருந்து எழுதப்பட்ட மலையக வரலாறு நம்மிடம் ஓரளவு உண்டு. வரி வரியாகப் பெயர்களிலிருந்து எழுதப்படும் வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும். பல்கலைக்கழகங்களின் வரலாற்று மாணவர்க்கு இதனினும் தக்க பணி வேறில்லை எனலாம்.